ஒரே ஒரு மிதி

ஏழு வயதில் எனக்கு ஒரு தொழில் இருந்தது. முதுகு மிதிப்பது.

நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. பம்பாய்க்கு வந்த பிறகாவது அது தொலைந்திருக்கும் என்று பார்த்தால், இங்கே மராத்திக்காரர்களிடமும் அதே நம்பிக்கை. என்னைப் போலக் கால் முன்னால் வந்தவர்களுக்கு அவர்கள் 'பாயாளு' என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் பேசி வைத்துக்கொள்ளாமல் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்?

தாராவியில் எங்கள் சந்தில் முதுகு பிடிக்காத ஆளே கிடையாது. தோல் கட்டு சுமப்பவர்கள், பிளாஸ்டிக் மூட்டை ஏற்றுகிறவர்கள், நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்புவதற்குள் வாசலில் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். அம்மா ஒரு சாக்கை விரிப்பாள். வந்தவர் குப்புறப் படுப்பார். நான் காலைக் கழுவிக்கொண்டு, இடுப்பிலிருந்து பிடரி வரை மூன்று தடவை நடப்பேன். நடக்கும்போது பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. காசு வாங்கினால் கால்ராசி போய்விடும் என்று அம்மா சொல்லிவிட்டதால் தின்பதற்குக் கடலைச் சிக்கியோ வடாபாவோ வாங்கி வருவார்கள். எழுந்து இடுப்பை வளைத்துப் பார்த்துவிட்டு, “அரே வா, வலி போயிட்டு” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் பெஞ்சு மேல் நிற்கிற எனக்கு, எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் அப்படி ஒரு மரியாதை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் காலும் பேர் வாங்கியதுதான், ஆனால் வேறு மாதிரி. இரண்டு காலிலும் பெருவிரல் பிறவியிலேயே குட்டை. நேராக நிற்காமல், பக்கத்து விரலின் காதில் ஏதோ ரகசியம் சொல்லப்போவது போலச் சாய்ந்திருக்கும். பிறந்த ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்டதற்கு, வளர வளரச் சரியாகிவிடும் என்றாளாம். சரியாகவில்லை. அதனால் அந்த வழக்கு செம்பூர் பெரியம்மாவிடம் போனது.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவள். செம்பூரில் காலனி வீட்டில் இருந்தாள். அவள் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. லிஃப்ட் இருக்கிற வீட்டிலிருந்து வருகிற தீர்ப்பை மறுத்துப் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் அக்காவின் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள். இரண்டாம் விரல் பெருவிரலை முந்திக்கொண்டு நிற்கிற பெண் புருஷனை மூலையில் உட்கார வைத்துவிடுவாள் என்றாள். அது பைபிளில் எந்த அதிகாரம் என்று அப்பா கேட்டார்.

“எல்லாமா பைபிள்ல எழுதியிருக்கும்? ஏளா, நான் சொல்லுததக் கேளு. கல்யாணம் முடியுற வரைக்கும் இந்தக் கால ஒருத்தர் கண்ணுலயும் காட்டாத. பெறவு மாப்பிள்ள வீட்டுக்காரன் ஒருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான்.”

அம்மாவின் கால் விரல்கள் அளவெடுத்துச் செய்தவை போல ஒழுங்காக இருக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டே அவள் தன்னை எந்த மூலையில் உட்கார வைத்திருக்கிறாள் என்று அப்பா கையால் காட்டினார். அது எடுபடவில்லை. மறு வாரமே பெரியம்மா வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் காலுறையும் வாங்கி அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா வாசலைத் தாண்டினால் ஷூதான். முன்பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தில் அம்மா பஞ்சு அடைத்துக் கொடுப்பாள். மே மாத வெயிலிலும் ஷூ, குழாயடிக்குப் போனாலும் ஷூ, முதல் நன்மை வாங்கிய போட்டோவிலும் ஷூ. சந்துப் பிள்ளைகள் எல்லாரும் ரப்பர் செருப்பிலோ வெறுங்காலிலோ சாக்கடையைத் தாண்டும்போது, இவள் மட்டும் வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி லேஸ் கட்டிக்கொண்டு வருவாள். அந்த விரல்களை ஷூ இல்லாமல் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் எங்கள் வீட்டில் இருந்த மூன்று பேரும் பெரியம்மாவும்தான்.

அந்த வருஷம் மழை தொடங்கின நாட்களில் சாக்கடை மேல் போட்டிருந்த பலகையில் ஷூ வழுக்கி அக்கா மல்லாந்து விழுந்தாள். பெரிய அடி ஒன்றும் இல்லை. பாவாடையைப் பிழிந்துகொண்டு சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். ஒரு வாரம் கழித்து, வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. தொட்டால் சுட்டது. அம்மா தைலம் தேய்த்தாள், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள், குறையவில்லை. ஊர் முதுகையெல்லாம் சரிசெய்கிறவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நாம் ஏன் தைலத்துக்குச் செலவழிக்கிறோம் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“ஏட்டி, கால கழுவிட்டு வா. அக்காவுக்கு ஒரு மிதி மிதிச்சு விடு.”

மிதித்தேன். அக்காவின் முதுகு சுமை தூக்குகிறவர்களின் முதுகு போல இல்லை. சின்னதாக, வழுவழுப்பாக, கொஞ்சம் காய்ச்சல் சூட்டோடு இருந்தது. மூன்று நடை நடந்து இறங்கினேன். அன்று அக்கா வலி போய்விட்டது என்றாள். அம்மா எனக்கு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நாலு நாளில் வீக்கம் இன்னும் பெரிதானது. அடுத்த மாதம் இடது பக்கமும் அதே இடத்தில் ஒன்று கிளம்பியது. சந்து முனை டாக்டர் ஊசி போட்டார். ஊசி போட்ட கையும் வீங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அம்மா என்னை மிதிக்கச் சொல்லவில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது.

பிறகு வீக்கத்தில் சூடு போய்விட்டது. சிவப்பும் போய்விட்டது. ஆனால் மேடு போகவில்லை, இறுகியது. நான் அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போது கையில் தட்டுப்பட்டது சதை இல்லை, எலும்பு. தோளுக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு எலும்பு.

அந்தச் சமயத்தில்தான் மறைக்கல்வி டீச்சர் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் எடுத்தார். போன வருஷம் ஆட்டுக்குட்டியாக வந்த அக்காவுக்கு இந்த வருஷம் கபிரியேல் சம்மனசு வேஷம். மாதாவுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் உயர்த்தி மங்கள வார்த்தை சொல்லுகிற பெரிய சம்மனசு, தேவதூதன். அதைக் கேட்ட நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா தோல் பை தைக்கிற பட்டறையில் வெட்டு வேலை பார்த்தார். கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைப்பதற்கு முன்னால் நெற்றியில் இப்படித்தான் மேடு தட்டும், தொட்டால் கல் மாதிரி இருக்கும் என்று அவர் முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தார். கன்றுக்குட்டிக்கே கொம்பு முளைக்குமானால், கடவுள் தேர்ந்தெடுத்த சம்மனசுக்குச் சிறகு முளைக்காதா?

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்க முயன்றாள், கை அவ்வளவு தூரம் போகவில்லை. “இருக்கும்ட்டி” என்றாள். “யார்ட்டயும் சொல்லிராத.”

பத்து வயதுப் பிள்ளைக்கு அதை நம்பத் தோன்றியதா, வேறு எதையும் நம்பப் பயமாக இருந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்களுக்குக் காலைப் பள்ளிக்கூடம். அம்மா வீட்டிலிருந்தபடியே பெண்கள் செருப்பு வாரில் கண்ணாடிக்கல் ஒட்டுவாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒட்டினதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிச் செருப்புக் கார்கானாவில் கொடுத்துவிட்டு வரப் போவாள். திரும்ப ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரம் எங்கள் ஒற்றை அறை வேறு ஏதோ ஊராக மாறிவிடும். தகரக் கூரையில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழும். அடுத்த வீட்டுத் தையல் மெஷின்கள் சுவரோடு சேர்ந்து முனகும். அம்மா தரையில் சிந்திய கண்ணாடிக்கற்கள் மூலைக்கு மூலை மின்னும். அக்கா பாயில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நான் காலைக் கழுவிக்கொண்டு ஏறுவேன்.

சிறகு வெளியே வர வழி தெரியாமல் உள்ளே முட்டிக்கொண்டிருக்கிறது, தோலைக் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தால் வந்துவிடும் என்பது என் கணக்கு. ஆகவே மூன்று நடையோடு நிறுத்தவில்லை. இரண்டு மேட்டின் மேலும் குதிகாலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். காலுக்கடியில் எலும்பு அசையாமல் இருக்கும். எனக்குக் கண் சொருகிக்கொண்டு வரும். சிறகு வந்தபிறகு என்ன செய்வோம் என்று மிதித்துக்கொண்டே சொல்லுவேன். முதலில் மாஹிம் கழிமுகத்தின் மேல் பறப்போம், பிறகு ரயில் பாலத்தைத் தாண்டி, பெரியம்மா வீட்டு ஐந்தாவது மாடி ஜன்னலில் போய் இறங்குவோம், லிஃப்ட் வேண்டாம். அக்கா தலையணை உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்பாள்.

“வலிக்கா?”

“இல்ல. இன்னும் ரெண்டு மிதி.”

எத்தனை மத்தியானங்கள் என்று எண்ணவில்லை. மழை நின்று, அக்டோபர் வெயில் வந்து, ஜெபமாலை மாதம் முடிகிற வரைக்கும். தலையணை உறையின் அந்த ஓரம் நைந்து நூல் நூலாகிவிட்டது. எலி கடித்திருக்கிறது என்று அம்மா பொறி வாங்கி வைத்தாள்.

சிறகு வரவில்லை. அதற்குப் பதிலாக அக்காவின் கழுத்து திரும்ப மறந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மொத்த உடம்போடு திரும்புவாள். கை காதுக்கு மேல் போகவில்லை, தலை வாரிவிட்டது நான்தான். உள்ளே இடம் போதாமல் சிறகு மடங்கிக் கிடப்பதால்தான் இப்படி என்று நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

அப்பா லீவு போட்டுவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஷூ போட்டுக்கொண்டுதான் போனாள். ஒவ்வொரு தடவையும் ஜம்பரைத் தூக்கி முதுகைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். கடைசியில், கெட்ட கட்டியாக இருக்கலாம், ஒரு துண்டு வெட்டியெடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. அம்மா அடுப்பைப் பற்ற வைக்க மறந்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா யாரையும் கேலி செய்யவில்லை. பெரியம்மா செம்பூரிலிருந்து தினமும் போன் போட்டு அழுதாள்.

நானும் அழுதேன். அவர்கள் அழுதது ஒன்றுக்கு, நான் அழுதது வேறொன்றுக்கு. டிசம்பர் பிறந்துவிட்டது, நாடகத்துக்கு மூன்று வாரம் கூட இல்லை. இந்த நேரத்தில் போய் வெட்டப்போகிறார்கள் என்றால் எதை வெட்டுவார்கள் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்!

யோசித்தேன். ஷூ இல்லாமல் அக்கா வாசலைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்படியானால் ஷூ இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. குறித்த நாளன்று காலையில், எல்லாரும் ஜெபம் சொல்லக் கண்ணை மூடியிருந்தபோது, ஒற்றை ஷூவை எடுத்துக் குடிதண்ணீர் பிடித்து வைக்கிற நீலப் பீப்பாய்க்குள் போட்டு மூடிவிட்டேன். பஞ்சு அடைத்த ஷூ கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் முழுகியது.

அரை மணி நேரம் வீடே தலைகீழானது. பாயை உதறினார்கள், மச்சில் ஏறிப் பார்த்தார்கள், எலி மேல் பழி விழுந்தது. துணைக்கு வந்திருந்த பெரியம்மா, ஷூ இல்லாமல் எப்படி என்று வாய் திறந்தாள். அப்பா அவளிடம் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். அம்மா தன்னுடைய ரப்பர் செருப்பைக் கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டு, தண்ணீர் மொண்டு குடிக்கப் பீப்பாயைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. ஷூ ஈரம் சொட்டியது, பீப்பாய்த் தண்ணீர் முழுதும் பாழ், மறுநாள் காலை வரை குழாயில் தண்ணீர் வராது. எதற்காகச் செய்தேன் என்று கேட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள், அதனால் இன்னொரு அறையும் வாங்கிக்கொண்டேன். தனியே விட்டால் வீட்டையே கொளுத்திவிடுவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

டாக்ஸியிலிருந்து இறங்கியதும் பெரியம்மா தன் கைப்பையைத் தாழப் பிடித்துக்கொண்டு அக்காவின் காலுக்கு முன்னாலேயே நடந்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் அவரவர் வலியோடு உட்கார்ந்திருந்தார்கள். யார் கண்ணும் அந்த விரல்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வருங்காலத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரன்.

உள்ளே அக்காவைச் சக்கரக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான கட்டில், குட்டை. கால்கள் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெரியம்மா சட்டென்று தன் பூப்போட்ட கைக்குட்டையை விரித்து அவற்றின் மேல் போட்டாள். தலைப்பக்கம் பெரிய டாக்டர்கள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே இடமில்லாததால் ஒரு சின்ன டாக்டர், கண்ணாடி போட்ட மராத்திப் பெண், கோப்பைப் பிடித்துக்கொண்டு கால்பக்கம் நின்றாள். கைக்குட்டை எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. காயமோ என்று நினைத்து ஒரு நுனியைத் தூக்கினாள்.

அப்புறம் முழுசாக எடுத்துவிட்டாள்.

“ஜனம் சே ஐசா ஹை?” என்று கேட்டாள். பிறந்ததிலிருந்தே இப்படியா என்று.

அம்மா தலையாட்டுவதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டு, தன் செம்பூர் ஹிந்தியில், அது ஒன்றுமில்லை டாக்டர், நோயெல்லாம் கிடையாது, புருஷன் கொஞ்சம் அடங்கி நடப்பான், அவ்வளவுதான் என்று விளக்கம் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, அந்தக் குட்டை விரலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசைத்தாள். அசையவில்லை. அடுத்த காலையும் பார்த்தாள். கோப்பைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே ஓடினாள். ஓடத்தான் செய்தாள், அவள் செருப்புச் சத்தம் நடைபாதை முடிகிறவரை கேட்டது.

அவள் முழங்காலிட்டதை நான் பார்த்துவிட்டேன். இவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, நரைத்த தலை டாக்டர் ஒருவரோடு வந்தாள். அவர் முதுகைப் பார்க்கவே இல்லை, நேராகக் காலுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தார்கள், காலைப் படம் எடுத்தார்கள், மறுபடி கூடிப் பேசினார்கள். மத்தியானம் தாண்டியதும், இன்றைக்கு வெட்டப்போவதில்லை, இனி எப்போதும் வெட்டக் கூடாது என்று சொன்னார்கள். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அந்த மராத்தி டாக்டர் எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, எளிய ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத ஒன்று இது. சதை இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பிள்ளையின் உடம்பு எலும்பை வளர்க்கிறது. அடிபட்டாலும், ஊசி குத்தினாலும், கத்தி பட்டாலும், அந்த இடத்தில் எலும்பு கட்டத் தொடங்கிவிடும். வெட்டியிருந்தால் இரண்டு மடங்காக வளர்ந்திருக்கும். பிறக்கும்போதே இதற்கு ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு, அது கால் பெருவிரல். இத்தனை மாதமாக எந்த டாக்டரும் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

பெரியம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குணமாகிவிடும்தானே என்று அம்மா கேட்டாள். டாக்டர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு வரிசையாகக் கேட்டாள். எங்கே விழுந்தாள், எத்தனை ஊசி, யாராவது எண்ணெய் தேய்த்தார்களா, அமுக்கிவிட்டார்களா. அம்மா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கடைசியில் என்னைக் காட்டி, இவள் கால் முன்னால் வந்து பிறந்தவள், ஊரில் எல்லாருக்கும் மிதிப்பாள், அப்படி இவளுக்கும் ஒரு தடவை மிதிக்க வைத்தேன் என்று சொன்னாள். டாக்டர் பேனாவை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டாள். எத்தனை தடவை மிதித்தாள்?

அக்கா மொத்த உடம்போடு என் பக்கம் திரும்பினாள். பிறகு அதே மாதிரி டாக்டர் பக்கம் திரும்பி, “ஏக் ஹீ பார்” என்றாள். ஒரே ஒரு தடவை. சும்மா கால் பட்ட மாதிரிதான் இருந்தது என்றும் சொன்னாள்.

டாக்டர் அதையே எழுதிக்கொண்டாள். இனி யாரும் அழுத்தமாகக் கை வைக்கக் கூடாது, விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். தொடக் கூடாத பொருள் என்றால் எனக்குத் தெரிந்தது பீடத்தில் வைத்திருக்கும் நன்மைப் பாத்திரம்தான். அக்காவும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள்தான் கபிரியேல். கையை உயர்த்த முடியாததால் டீச்சர் அவளை மார்போடு கை கூப்பி நிற்கச் சொன்னார். அட்டைச் சிறகின் நாடா முதுகை அழுத்தும் என்று அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். சிறகில்லாத சம்மனசு எங்கேயாவது உண்டா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் செருப்பில்லாமல் மேடை ஏறினாள். அந்தப் பெருவிரல்களை அன்று கோயிலே பார்த்தது. பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

என் தொழில் அதோடு முடிந்தது. சந்துக்காரர்கள் வந்து சாக்கை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அக்காவுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. செம்பூரில் தரைத்தளத்தில் வீடு பிடித்திருக்கிறோம். கழுத்தும் முதுகும் தோளும் முழங்கையும் அப்படியே நின்றுவிட்டன. அவளுக்கென்று செய்த நாற்காலியில் சாய்ந்தபடி, போனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வாய் பாதிதான் திறக்கும், அதை வைத்துக்கொண்டே எங்கள் எல்லாரையும் ஆட்டிப் படைக்கிறாள். அவளுக்குப் புருஷன் வரவில்லை, ஆனால் மூலையில் உட்கார வைக்கிற வேலையை எங்களிடம் குறைவில்லாமல் செய்கிறாள். பெரியம்மா வந்தால் முதலில் குனிந்து அந்தப் பெருவிரலைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தான் நாற்காலியைத் தேடுவாள்.

யாரும் மிதிக்காவிட்டாலும் அது வந்திருக்கும் என்றுதான் டாக்டர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு மெதுவாக வந்திருக்கும், கை இன்னும் எத்தனை வருஷம் காதுக்கு மேல் போயிருக்கும் என்று கேட்டால் அதற்குக் கணக்கு இல்லை என்கிறார்கள். போன மாதம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அந்த மத்தியானங்களைப் பற்றிக் கேட்டேன். சீப்பை நிறுத்தாமல் வாரச் சொன்னாள். “ஒரே ஒரு தடவதானட்டி” என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பெரியம்மா செம்பூருக்குப் போய்விட்டாள், நாங்கள் பஸ்ஸில்தான் திரும்பி வந்தோம். அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் நானும் பின் சீட்டில். அவள் ஜன்னல் பக்கம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மழைக்காலம் தொட்டு ஒரு நாள் விடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்காக மிதித்தவள் நான். ஷூவுக்காக இரண்டு அறை வாங்கியவளும் நான். அத்தனையையும் படித்த டாக்டர் முன்னால் ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டாள், அதுவும் சும்மா கால் பட்ட மாதிரியாம்! நன்றி கெட்டவள். கட்டைவிரலை மோவாயில் வைத்து அவளுக்கு ‘டூ’ விட்டேன். அவள் சுண்டுவிரலை நீட்டி, பழம் விடச் சொல்லிக் கெஞ்சினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாராவி வந்து இறங்குகிற வரை அவளோடு பேசவில்லை.